இணைய விளையாட்டை நடத்துகிறவர்களிடம் கணக்குக் கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இரண்டு கிழமைக்கு முன்னர் உங்கள் வாசகர் பக்கத்தில் கிளிநொச்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் கடிதம் வந்திருந்தது. முகம் தெரியாத ஆட்களோடு இரவிரவாகக் கதைத்துக்கொண்டு கணினியில் விளையாடும் பெடியளைப் பற்றி மனம் நொந்து எழுதியிருந்தார். இப்படியான விளையாட்டுகளைத் தடைசெய்ய வேண்டும் என்பது அவருடைய முடிவு. அவருடைய பயம் நியாயமானது. எந்தத் தாய் தகப்பனுக்கும் வரக்கூடியது. தடை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நான் முள்ளியவளையில் கணினியும் போனும் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கடை பூட்டிய பிறகு, ஐயா பயப்படுகிற அதே விளையாட்டில், ஒரு தமிழ் சேர்வரின், அதாவது ஆட்கள் இணையத்தில் கூடி விளையாடும் தனி இடத்தின், நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். சம்பளம் இல்லாத வேலை. விளையாடுகிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் வைக்கும் முறைப்பாடுகளை விசாரிப்பது என் பொறுப்பு. அந்தக் கதிரையில் இருந்து பார்க்கிறவனாகச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

அந்த விளையாட்டின் பெயர் ஜீ.ரி.ஏ. 5 (கிராண்ட் தெப்ட் ஓட்டோ). அது 2013 இல் வெளிவந்தது. தனியே விளையாடினால் அதில் சுடுவதும் களவெடுப்பதும் கார் ஓட்டுவதும்தான் பெரும்பாலும் நடக்கும். அந்த விளையாட்டில் வரும் நகரத்தை வைத்துக்கொண்டு, பைவ் எம் என்ற மென்பொருளின் உதவியோடு, யாரும் தங்களுக்கென்று ஒரு சேர்வர் அமைத்துத் தங்களுடைய சட்டதிட்டத்தோடு விளையாடலாம். பைவ் எம்மை உருவாக்கிய குழுவை 2023 ஓகஸ்டில் விளையாட்டின் சொந்தக்காரரான றொக்ஸ்டார் நிறுவனமே தன்னோடு சேர்த்துக்கொண்டது. இந்தச் சேர்வர்களில் நடப்பதைத்தான் றோல்பிளே என்கிறார்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். ஒருவர் பஸ் சாரதி, ஒருவர் தாதி, ஒருவர் பொலிஸ், ஒருவர் கராஜ் நடத்துகிறார், ஒருவர் கள்ளன். எழுதிவைத்த வசனம் கிடையாது. மைக்கில் கதைப்பதுதான் வசனம். பாத்திரங்கள் பக்கத்தில் நின்றால் குரல் கேட்கும், விலகிப் போனால் மங்கிவிடும்.

எங்கள் ஊர் ஆட்கள் கேட்டால் நான் கோவலன் கூத்தைச் சொல்லித்தான் விளங்கப்படுத்துவேன். வற்றாப்பளை அம்மனின் காலடியில் இருக்கிற எங்களுக்கு அந்தக் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தட்டான் வேசம் கட்டி வருகிறவரைப் பார்த்து முன்வரிசைக் கிழவிகள் மண்ணள்ளித் திட்டுவார்கள். விடிந்தால் அதே மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணிமுறிப்புப் பக்கம் வயலுக்குப் போவார். திட்டின கிழவியே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுப்பார். களரிக்குள் அவர் செய்த வஞ்சகம் களரியோடு போயிற்று. அது எப்படி முடிகிறது என்றால், அவர் யார், யாருடைய மகன், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் எப்படிப்பட்ட மனிதர் என்பது ஊருக்கே தெரியும். கூத்தில் ஒரு பிழை நடந்தால் அண்ணாவியாரின் வாசலுக்குப் போய்க் கேட்கலாம்.

இணையத்தில் அந்த வாசல் இல்லை. இங்கே கள்ளனாக நடிப்பவன் உண்மையில் யார், பொலிஸாக நடிப்பவன் எங்கே இருக்கிறான், இரண்டு பேருக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லும் அட்மின் எப்படிப்பட்டவன், ஒன்றும் தெரியாது. அதனால்தான் நல்ல சேர்வர்களில் சட்டங்கள் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கின்றன. காரணம் இல்லாமல் சுடக் கூடாது. செத்துப்போன பாத்திரம் ஆஸ்பத்திரியில் எழும்பி வந்தால் கொன்றவனை ஞாபகம் வைத்திருக்கக் கூடாது. மற்றவனுக்குப் பதில் செய்ய இடமே கொடுக்காமல் காட்சியைத் தன் பக்கம் இழுக்கக் கூடாது. எல்லாவற்றிலும் பெரிய சட்டம், ஆளுக்குத் தெரிந்ததைப் பாத்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது. கள்ளனாக விளையாடுகிறவர் தன்னுடைய ஆட்டத்தை யூடியூபில் நேரலையாகப் போடுவார். பொலிஸாக விளையாடுகிறவர் அதைப் பக்கத்துப் போனில் பார்த்துவிட்டு, ஏதோ மோப்பம் பிடித்தது மாதிரி நேரே அவர் ஒளித்திருக்கிற வீட்டுக்கு வந்து நிற்பார். அன்றைய ஆட்டம் அதோடு செத்துப்போகும்.

இந்தச் சட்டங்களில் அநேகமானவற்றை எந்த மென்பொருளாலும் கண்காணிக்க முடியாது என்பதைத்தான் வெளியில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை. குறி தப்பாமல் சுடுவதற்குக் கள்ள மென்பொருள் போட்டால் கண்டுபிடிக்க வழி உண்டு. ஒளித்திருந்த வீடு பொலிஸ்காரனுக்கு எப்படித் தெரிந்தது என்பதை ஒரு மனிதன்தான் கேட்டு, பதிவைப் பார்த்து, யோசித்து முடிவெடுக்க வேண்டும். அந்த மனிதன்தான் அட்மின். அவன் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒருவரின் பல மாத உழைப்பு போய்விடும். ஆகவே இந்தச் சேர்வர்களில் நம்பிக்கை இருக்குமா இல்லையா என்பது விளையாடுகிற பெடியளின் கையில் இல்லை. ஆளுகிறவர்களின் கையில் இருக்கிறது.

உடையார்கட்டுப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பெடியன். பகலில் மரக்காலையில் வேலை. வேறொரு தமிழ் சேர்வரில் அவன் மெக்கானிக். அந்தப் பாத்திரத்துக்கு அங்கே பெயர் இருந்தது. அவனுடைய கராஜுக்கு முன்னால் வாகனங்கள் வரிசையில் நிற்குமாம். வெளிநாட்டில் இருக்கிற சேர்வர்காரரின் கூட்டாளி ஒருவர் அங்கே சண்டியர் பாத்திரம். ஒரு நாள் அவர் காரைத் திருத்தக் கொண்டுவந்து, திருத்திய பிறகு காசு தர மாட்டேன் என்றார். மெக்கானிக் திறப்பைக் கொடுக்கவில்லை. பாத்திரத்துக்குள் நின்று வாதாடினான். அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் சுட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார். காரணமில்லாமல் சுட்டதென்று இவன், விளையாடுகிறவர்கள் கூடிக் கதைக்கும் டிஸ்கோர்ட் என்ற செயலியில், முறையாக டிக்கெட், அதாவது முறைப்பாடு, போட்டான். விடியப் பார்த்தால் இவனுக்கே தடை. காலம்: நிரந்தரம். காரணம்: மரியாதையின்மை. ஒரு சொல்தான். டிஸ்கோர்டில் இருந்தும் நீக்கியாயிற்று, ஆகவே கேட்பதற்கும் வழியில்லை.

லப்டொப் பழுதென்று சொல்லித்தான் என்னிடம் கொண்டுவந்தான். "அண்ணை, சேர்வருக்குள்ள போகுதில்லை, ஒருக்காப் பாருங்கோ." பார்த்தேன். லப்டொப்பில் ஒரு பழுதும் இல்லை. தடைச் செய்தி ஆங்கிலத்தில் இருந்ததால் அதைப் பிழைச் செய்தி என்று நினைத்திருக்கிறான். விளங்கப்படுத்தினேன். சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கேட்டான்: "நான் என்ன பிழை விட்டனான் எண்டு ஆரைக் கேக்கிறது அண்ணை?"

இது விளையாட்டுத்தானே, விட்டுத்தள்ளு என்று சொல்லுகிறவர்கள் இருப்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தப் பெடியனுக்கு ஊரில் ஒருவரும் வேலை தெரிந்தவன் என்று மதித்துக் கதைப்பதில்லை. அங்கே ரொறன்ரோவில் இருக்கிறவரும் சூரிச்சில் இருக்கிறவரும் அவனை "மேசன் வீட்டுப் பெடியன்" என்று கூப்பிடாமல், அவனுடைய கைத்திறமைக்காகக் காத்து நின்றார்கள். அதை ஒருவர் ஒரே இரவில் காரணம் சொல்லாமல் பறிக்கலாம் என்றால், அடுத்த முறை எந்த இடத்திலும் அவன் தன்னை முழுதாகக் கொடுத்து விளையாட மாட்டான். கூத்தில் பாண்டியன் செய்ததும் இதுதானே. தட்டான் சொன்ன ஒரு சொல்லை ஆராயாமல் ஏற்றுக்கொண்டான்.

இந்தச் சிக்கல் புதிதும் இல்லை. படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் ஓடிய லம்டாமூ என்ற இணைய உலகத்தில் 1993 இல் ஒருவன் மற்றவர்களுடைய பாத்திரங்களை அவர்கள் விருப்பமின்றிக் கேவலப்படுத்தினான். உடலில் காயமில்லை, ஆனாலும் அந்தப் பாத்திரங்களின் பின்னால் இருந்தவர்கள் கொதித்தார்கள், ஒரு பெண் அழுததாகவும் சொன்னார். அங்கிருந்தவர்கள் கூடிக் கூடிப் பேசியும் ஒரு முடிவு வராத நிலையில் நிர்வாகிகளில் ஒருவர் தன் பாட்டில் அவனுடைய பாத்திரத்தை அழித்தார். அதன் பிறகு அந்த உலகத்தை உருவாக்கியவர், ஆட்கள் மனுக் கொடுத்து வாக்களித்துச் சட்டம் கொண்டுவரும் முறை ஒன்றை ஏற்படுத்தினார். தண்டனை சரியாக இருந்தாலும் அது யார் கையால், எந்த வழியால் வந்தது என்பது ஆட்களுக்கு முக்கியம் என்று அன்றைக்கே விளங்கிவிட்டது. முப்பது வருடத்துக்குப் பிறகும் எங்கள் தமிழ் சேர்வர்கள் பலவற்றில் சொந்தக்காரரின் மனநிலைதான் சட்டம்.

எங்கள் சேர்வரில் நாங்கள் செய்து பார்த்தவற்றைச் சொல்லுகிறேன். தடை விதித்தால் எந்தச் சட்டம் மீறப்பட்டது, எந்த நேரம், எந்தக் கிளிப்பில் (ஆட்டத்தைப் பதிந்த காணொளித் துண்டில்) அது தெரிகிறது என்று தமிழில் எழுத வேண்டும். சம்பவத்தில் தன் பாத்திரம் நின்ற அட்மின் அந்த விசாரணையில் வாய் திறக்கக் கூடாது. அவருடைய கூட்டாளியும் கூடாது. மேன்முறையீட்டை முதல் தீர்ப்புச் சொன்னவர் கேட்பதில்லை, வேறு இருவர் கேட்பார்கள். டிஸ்கோர்டில் இருந்து ஒருவரை முழுதாக வெட்டிவிடுவதில்லை; தடை பெற்றவர் எழுதுவதற்கென்று ஓர் அறை எப்போதும் திறந்திருக்கும். அட்மின்மார் என்ன கட்டளை போட்டார்கள், யாருக்குக் காசு கொடுத்தார்கள், யாரைத் தூக்கி எங்கே வைத்தார்கள் என்ற பதிவை மாதம் ஒருமுறை எல்லோரும் பார்க்கக் கூடியதாகப் போடுகிறோம். சேர்வரை நடத்தப் பயன்படும் டிஎக்ஸ் அட்மின் என்ற கட்டுப்பாட்டுப் பலகையில் இவற்றில் பல தானாகவே பதிவாகின்றன. அதை மறைத்துவைக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை, மறைக்க விரும்புகிறவரைத் தவிர.

இதில் மிகவும் பலன் தந்தது அந்தப் பதிவுதான். முதன்முதலில் போட்டபோது எங்கள் குழுவிலேயே இருவர் விலகிப் போனார்கள். போனது நல்லது. அதற்குப் பிறகு டிக்கெட்டுகளின் தொனி மாறிவிட்டது. முன்பு "நீங்கள் எல்லாரும் ஒரு பக்கம்" என்று தொடங்குவார்கள். இப்போது "இந்தக் கிளிப்பைப் பாருங்கோ" என்று தொடங்குகிறார்கள்.

வன்னிக்கென்று ஒரு சட்டத்தை நான் சண்டை பிடித்துத்தான் கொண்டுவந்தேன். எல்லா றோல்பிளே சேர்வர்களிலும், காட்சி நடக்கும்போது இணைப்பைத் துண்டித்துக்கொண்டு ஓடினால் அது பெரிய குற்றம். பிடிபடப் போகிற கள்ளன் கணினியை நிறுத்திவிட்டுத் தப்புவான் என்பதற்காக வந்த சட்டம். நியாயமான சட்டம்தான். ஆனால் ஒட்டுசுட்டானில் டொங்கிள் வைத்து விளையாடுகிறவனுக்கு மழை இருட்டினாலே இணைப்பு விழும். கரண்டும் போகும். வெளிநாட்டு அட்மினுக்கு அது விளங்காது. அவருடைய வீட்டில் கரண்ட் எப்போது கடைசியாகப் போனது என்று அவருக்கே ஞாபகமிருக்காது. எங்கள் பெடியள் இப்படி ஓடினவன் என்ற பெயரோடு பல இடங்களில் தண்டனை வாங்கியிருக்கிறார்கள். இப்போது எங்கள் இடத்தில், விழுந்தவர் போனில் இருந்து டிஸ்கோர்டில் ஒரு வரி போட்டால் போதும். காட்சி அவருக்காக நிற்கும், அல்லது அடுத்த நாள் விட்ட இடத்தில் இருந்து தொடங்கும். இதைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. ஏன் இரவிரவாக விளையாடுகிறார்கள் என்று அதிபர் ஐயா கேட்டிருந்தார். இங்கே நள்ளிரவு 12 மணி என்றால் கோடையில் சூரிச்சில் இரவு 8.30, வேலை முடிந்து, சாப்பிட்டு, அப்போதுதான் அவர்கள் வருகிறார்கள். எங்கள் பெடியள் தூக்கத்தை விட்டுக் காத்திருக்கிறார்கள். ஆகவே கூட்டங்களையும் பெரிய காட்சிகளையும் இங்கத்தைய இரவு 10 மணிக்குள் தொடங்கி முடிக்க வேண்டும் என்று கேட்டு, வெளிநாட்டுக்காரரை ஞாயிறு பின்னேரத்துக்கு இணங்கவைத்திருக்கிறோம். ஒருவருக்காக ஒருவர் நேரம் ஒதுக்குவதும் நம்பிக்கையின் ஒரு பாகம்.

அடையாள அட்டை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும். சில சேர்வர்களில் வயதை உறுதிப்படுத்த அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுகிறார்கள். தயவுசெய்து ஒருவரும் அனுப்பாதீர்கள். புதிய அட்டையில் இருக்கும் 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பெயரையும் முகத்தையும் மறைத்துவிட்டு இலக்கத்தை மட்டும் காட்டினாலும், பெண் பிள்ளை என்பதும் பிறந்த திகதியும் பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். அதிலும் எங்கள் மக்கள் பெயர்ப் பட்டியல்களோடு பட்ட பாட்டை நான் எழுதத் தேவையில்லை. போர் முடிந்தபோது சனங்களை அடைத்துவைத்த செட்டிகுளத்து முகாமில் இருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையிடம் கனடாவில் இருக்கிற யாரோ ஒருவர் "அட்டையைக் காட்டு" என்று எழுதினால், அந்தப் பிள்ளை பொய் சொல்லும் அல்லது ஓடும். இரண்டும் நம்பிக்கையை வளர்க்காது.

இந்த விளையாட்டுக்கு ஐரோப்பாவில் 18 வயது என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். நாங்களும் 18 க்குக் கீழே சேர்ப்பதில்லை. நாங்கள் நேர்முகம் வைக்கிறோம். இருவர் குரலில் அரை மணித்தியாலம் கதைப்போம், பாத்திரத்தைப் பற்றி, சட்டங்களைப் பற்றி. பத்தாம் ஆண்டுப் பிள்ளை எவ்வளவு குரலைத் தடிப்பாக்கினாலும் நாளைக்கு ரியூசன் இருக்கென்று எங்கேயோ சொல்லிவிடும். அப்படிப் பிடிபட்டவர்களை அவமானப்படுத்தாமல், வயது வந்த பிறகு வாருங்கோ என்று தனியாகச் சொல்லி அனுப்புகிறோம். அப்படி அனுப்பிய ஒருவர் 18 முடிந்து, தானே நினைவுவைத்து வந்து, இப்போது எங்கள் அம்புலன்ஸ் பிரிவில் இருக்கிறார்.

பெண் பிள்ளைகள் வருகிறார்கள். மைக்கைத் திறந்து ஒரு வசனம் சொன்ன உடனே தனிச் செய்திகள் குவியும். "எந்த ஊர்", "படம் அனுப்புங்கோ", பிறகு வேறு மாதிரி. பலர் குரலை மாற்றும் மென்பொருள் போட்டுக்கொண்டு ஆணாகவே விளையாடிவிட்டுப் போகிறார்கள். இதற்கு எங்கள் சேர்வரில் இரண்டு வேலை செய்தோம். டிஸ்கோர்டில் அறிமுகமில்லாதவர் தனிச் செய்தி அனுப்பாதபடி அமைப்பை எப்படி மாற்றுவது என்று நேர்முகத்திலேயே காட்டிக்கொடுக்கிறோம். முறைப்பாட்டைக் கேட்பதற்குக் குழுவில் ஒரு பெண்ணும் இருக்கிறார், அவரிடம் நேரே போகலாம். மற்றது, காட்சியை நிறுத்தும் உரிமை. மேசையைச் சுற்றி இருந்து றோல்பிளே விளையாடுகிறவர்களிடம் எக்ஸ் எழுதிய அட்டை ஒன்றை நடுவில் வைக்கும் வழக்கம் உண்டு. ஒருவர் அதைத் தொட்டால் கதை வேறு பக்கம் திரும்பும். ஏன் என்று கேட்பதில்லை. அதை எடுத்து நாங்களும் வைத்திருக்கிறோம். ஆணோ பெண்ணோ, "காட்சி நிறுத்தம்" என்றால் அந்த இடத்திலேயே நிற்கும். காரணம் சொல்லத் தேவையில்லை. கடத்தல், சித்திரவதை போன்ற காட்சிகளுக்கு முன்கூட்டியே எல்லோருடைய சம்மதமும் வேண்டும். பாலியல் வன்முறைக் காட்சிக்குச் சம்மதம் கேட்கவும் கூடாது; அது எங்கள் சேர்வரில் இல்லவே இல்லை.

காட்சியை நிறுத்தும் அந்தச் சட்டம் எவ்வளவு பெறுமதி என்று எனக்கு ஓர் இரவு விளங்கியது. வெளிநாட்டில் பிறந்த ஓர் இளைஞர், நல்ல பெடியன், பொலிஸ் பாத்திரம். வீதியில் தடைபோட்டு வாகனங்களை மறித்தார். சும்மா மறித்திருந்தால் பரவாயில்லை. எங்கேயோ காணொளியில் பார்த்ததை வைத்து, எல்லோரையும் இறக்கி, வரிசையில் நிற்கவைத்து, பைகளைக் கொட்டச் சொல்லி, அரைகுறைச் சிங்களத்தில் கத்தத் தொடங்கினார். அவருக்கு அது நடிப்பு. வரிசையில் நின்றவர்களில் ஒருவர் 2009 இல் போரின் கடைசிக் காலத்தில் புதுமாத்தளன் கரையில் இருந்து சின்ன வயதில் தப்பி வந்தவர். அவருடைய மைக் திறந்தபடி இருந்தது, மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் அந்த இரண்டு சொல்லைச் சொன்னார். காட்சி நின்றது. பொலிஸ் பாத்திரம் செய்தவர் பாத்திரத்தை விட்டு வெளியில் வந்து, "அண்ணா, சொறி, எனக்குத் தெரியாது" என்றார். இவர், "உமக்குத் தெரியாதுதான், பரவாயில்லை" என்றார். அடுத்த நாள் இருவரும் ஒரே மீன் லொறியில் சரக்கு ஏற்றிக்கொண்டு திரிந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் நாட்டில் உண்மையாக நடந்த போரைக் காட்சியாக்கக் கூடாது என்று எழுதிவிட்டோம்.

அதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. முகநூலில் போட்ட படத்துக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எங்கள் பகுதிகளில் பெடியள் கைதானதை நாங்கள் பார்த்திருக்கிறோம். இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் 2024 இல் வந்திருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கிறவருக்கு ஒரு கொடியோ ஒரு பெயரோ காரில் ஒட்டும் ஸ்டிக்கர். அதே காட்சியில் பக்கத்தில் நின்ற கேப்பாப்புலவுப் பெடியனுடைய குரல் அந்தக் கிளிப்பில் பதிவாகி டிக்டொக்கில் போனால், விசாரணைக்குப் போக வேண்டியவன் அவன்தான். ஆகவே கிளிப் எடுத்து வெளியில் போடுகிறவர் அதில் குரல் இருக்கிற எல்லோரிடமும் கேட்க வேண்டும், வேண்டாம் என்றவருடைய குரலை அகற்ற வேண்டும். யூடியூப்காரர் சிலர் இதனால் எங்களை விட்டுப் போனார்கள். பார்வையாளர் எண்ணிக்கை குறைந்தது. அதை நாங்கள் ஒரு நட்டமாக நினைக்கவில்லை.

காசு. சேர்வர் நடத்தச் செலவிருக்கிறது, ஆதரவாகக் காசு வாங்குவதில் பிழையில்லை. ஆனால் வாங்கும் வழிக்கு விதி இருக்கிறது. பைவ் எம் சேர்வர்கள் ரெபெக்ஸ் என்ற கட்டணத் தளத்தின் ஊடாகத்தான் விற்கலாம். உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டியை விற்பதையும் கிரிப்டோ நாணயம் புகுத்துவதையும் றொக்ஸ்டார் 2022 இல் வெளியிட்ட கொள்கையிலேயே தடுத்திருக்கிறது. இதையெல்லாம் மீறி, றீலோட் காட் இலக்கத்தை அனுப்பு, மச்சானுடைய வங்கிக் கணக்கில் போடு என்று எங்கள் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். ரசீது இல்லாத காசு. அடுத்த நாள் தடை போட்டால் திருப்பிக் கேட்க ஆளில்லை. நான் சொன்ன மெக்கானிக் பெடியனும் மரக்காலைச் சம்பளத்தில் இருந்து அப்படிக் கொடுத்தவன்தான். எங்கள் இடத்தில் மாத வாடகை எவ்வளவு, யாரிடமிருந்து எவ்வளவு வந்தது என்று போடுகிறோம். காசு கொடுத்தவருக்கு நன்றி சொல்லுவோம். அட்மின் பதவி கொடுக்க மாட்டோம், பெரிய துப்பாக்கியும் கொடுக்க மாட்டோம்.

புலம்பெயர்ந்த நாடுகளில் இருந்து தமிழ் சேர்வர் நடத்தும் சகோதரர்களுக்கு இந்தக் கடிதம் கிடைக்கும் என்று நம்புகிறேன். உங்கள் பத்திரிகையை அவர்களும் இணையத்தில் வாசிக்கிறார்கள். சகோதரர்களே, நீங்கள் காசையும் நேரத்தையும் கொட்டித் தமிழில் கதைத்து விளையாட ஓர் இடம் அமைத்துத் தந்திருக்கிறீர்கள். அது பெரிய காரியம். வவுனியாப் பெடியனும் யாழ்ப்பாணத்துப் பெடியனும் மட்டக்களப்புப் பெடியனும் சென்னைப் பெடியனும் ஒரே கராஜில் நின்று பகிடி விடுவது வேறெங்கே நடக்கிறது? ஆனால் இங்கே இருக்கிறவன் உங்களிடம் வரும்போது மெதுவான இணைப்போடும், பழைய லப்டொப்போடும், கேள்வி கேட்டால் என்ன நடக்குமோ என்ற பழக்கப்பட்ட பயத்தோடும்தான் வருகிறான். அவன் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுக்காதீர்கள். உங்களை நம்பச் சொல்லி அவனிடம் கேட்பதற்கு முன்னர் உங்கள் பதிவைத் திறந்து காட்டுங்கள். தடை போட்டால் காரணத்தை அவனுக்கு விளங்கும் தமிழில் எழுதுங்கள். உடையார்கட்டுப் பெடியனுடைய டிக்கெட் இன்னும் உங்களில் ஒருவரிடம் பதிலில்லாமல் கிடக்கிறது.

எங்கள் பாடசாலைகளில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாத்திரத்தை ஏற்பதும் இறக்கிவைப்பதும் உங்களுடைய பாடம். உங்கள் வகுப்பில் இருக்கிற உயர்தரப் பிள்ளைகளில் சிலர் இரவில் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள், சொல்லித்தர ஆளில்லாமல். ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கிக் கதையுங்கள். பெற்றோரும் பிள்ளையின் போனைப் பறிப்பதற்கு முன்னர் அந்தச் சேர்வரில் சட்டம் எழுதியிருக்கிறதா, முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது, காசு யாருக்குப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையால் பதில் சொல்ல முடியவில்லை என்றால் அந்த இடத்தில் இருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதுதான் சரி; அதில் அதிபர் ஐயாவோடு நான் நிற்கிறேன். யாராவது படம் கேட்டு மிரட்டினால் வீட்டில் அடிக்காமல், பேசாமல், 1929 என்ற தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கத்துக்கு அழையுங்கள். அனுப்பிய செய்திகளை அழிக்க வேண்டாம், அவைதான் சாட்சி.

நாங்கள் எழுதிய சட்டங்கள் தமிழில் இருக்கின்றன. புதிதாகச் சேர்வர் தொடங்குகிற எவரும் எடுத்துத் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம், எங்கள் பெயரைப் போடத் தேவையில்லை. அச்சடித்த பிரதிகள் கடையில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கணினி திருத்துநர் ஒருவர்,
முள்ளியவளை.
(பெயரும் முகவரியும் ஆசிரியருக்குத் தனியாக அனுப்பப்பட்டுள்ளன.)